வயதான குதிரையை யார் வைத்துக்கொள்வது? – இரண்டு கதைகளும் ஒரு பழைய கண்டனமும்

ஆனா சீவெலின் ‘பிளாக் பியூட்டி’ நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘கருணை’ என்ற சொல்லில் ஆரம்பித்து அதே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். குழந்தைகள் புத்தகம், மிருகங்களிடம் அன்பாக இருக்கச் சொல்லும் புத்தகம், முடிந்தது கதை. சீவெல் அதைக் குழந்தைகளுக்காக எழுதவே இல்லை, குதிரையோடு வேலை செய்கிறவர்களுக்காக எழுதினார் என்பதுகூடப் பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. சிறு வயதில் கணுக்காலில் அடிபட்டு, வாழ்நாள் முழுக்க எங்கே போவதானாலும் குதிரை வண்டியையே நம்பி இருந்த பெண் அவர். 1877 நவம்பரில் புத்தகம் வந்தது. அடுத்த ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். எழுதிய ஒரே நாவல் அதுதான்.

இந்த முறை அதைப் படிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் குறித்துக்கொண்டே போனேன்: குதிரை எங்கெங்கே கைமாறுகிறது? (தொழில் புத்தி. ஒரு தகவல் எங்கே கிளம்பி, யார் யார் கையில் போய், எங்கே கெட்டது என்று பின்தொடர்ந்து போவதுதான் மென்பொருள்காரனின் பாதிப் பிழைப்பு.) எண்ணிப் பார்த்ததில் பத்து உரிமையாளர்கள். பண்ணையார் கிரே, ஸ்குவயர் கார்டன், எர்ல் பிரபு, வாடகைக் குதிரை லாயக்காரர், பாரி, வாடகை வண்டிக்காரர் ஜெர்ரி பார்க்கர், ஒரு தானிய வியாபாரி, ஸ்கின்னர், தரோகுட் என்ற விவசாயி, கடைசியாக ஒரு வீட்டுப் பெண்மணிகள். சந்தையில் ஜெர்ரி வாங்கும்போது விலை 24 பவுண்டு 10 ஷில்லிங். தரோகுட் வாங்கும்போது 5 பவுண்டு. விலை இறங்க இறங்க வேலை கடுமையாகிறது, தீனி குறைகிறது. நம்ம ஊரில் ‘அடிமாட்டு விலை’ன்னு சொல்வோமே, அந்த விலையை நோக்கி ஒரு குதிரை படிப்படியாக இறங்குகிற கணக்குப் புத்தகம்தான் இந்த நாவல். இதை ‘கருணை நாவல்’ என்று மட்டும் சொன்னால் அந்தக் கணக்கு கண்ணில் படாமலே போய்விடும்.

சரி, இந்த இறக்கத்துக்கு யார் பொறுப்பு? வாசகர்கள் உடனே ஸ்கின்னரைக் காட்டுவார்கள். வாடகைக்கு வண்டியும் குதிரையும் விட்டு, இருவரையும் கசக்கிப் பிழிகிற ஆள். பெயரே தோலுரிப்பவன். சீவெல் அவனை வில்லனாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அவன் கையில் வந்து சேரும்போது அந்தக் குதிரைக்கு ஏற்கெனவே கதி முக்கால்வாசி முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர்கள் நல்லவர்கள். என் வாதமே இதுதான். வயதான, அடிபட்ட, ஏறிச் சவாரி செய்ய முடியாத குதிரைக்கு என்ன நடக்கிறது என்பதைத் தீர்மானிப்பது கடைசிக் கையில்லை. குதிரை இன்னும் நல்ல விலைக்குப் போகும் காலத்தில், நல்ல மனிதர் ஒருவர், நல்ல காரணத்துக்காக, நிபந்தனை எதுவும் போடாமல் அதை விற்கிறாரே, அந்த இடம்தான் தீர்மானிக்கிறது.

நாவலில் அந்த இடம் எது என்று காட்ட முடியும். ஸ்குவயர் கார்டனின் மனைவிக்கு உடம்பு சரியில்லை, வெப்பமான நாட்டுக்குப் போக வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். வீட்டைக் காலி செய்கிறார்கள். பியூட்டியையும் ஜிஞ்சரையும் கார்டன் தன் நண்பரான எர்ல் பிரபுவுக்கு விற்கிறார். நல்ல இடம் என்று நம்பித்தான் விற்கிறார். குழந்தைகள் ஏறி விளையாடிய மட்டக்குதிரை மெர்ரிலெக்ஸை மட்டும் பாதிரியார் புளோம்ஃபீல்டுக்குச் சும்மா கொடுக்கிறார். கொடுக்கும்போது இரண்டு நிபந்தனை போடுகிறார். ஒன்று, எக்காலத்திலும் விற்கக் கூடாது. இரண்டு, இனி வேலை செய்ய முடியாது என்ற நிலை வரும்போது சுட்டுப் புதைத்துவிட வேண்டும்.

சீவெல் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். நான் அந்த வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். அப்படியானால் இப்படி ஒரு ஏற்பாடு சாத்தியம் என்று கார்டனுக்குத் தெரியும்! பின்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும், தெரியாதவர் இப்படி நிபந்தனை போடமாட்டார். ஒரே நாளில், ஒரே லாயத்தில், மூன்று குதிரைகள். ஒன்றுக்கு ஆயுள் காப்பு, மற்ற இரண்டுக்கும் ரசீது. வித்தியாசம் என்ன? அந்த இரண்டும் விலை போகும். பாதிரியாருக்குத் தானமாகக் கொடுக்கும்போது நிபந்தனை போடலாம். பணம் வாங்கிக்கொண்டு நிபந்தனை போட்டால் விலை குறையும்.

எர்ல் பிரபுவும் கெட்டவரில்லை. அவர் மகன் கண்மண் தெரியாமல் ஓட்டி ஜிஞ்சரின் மூச்சைக் கெடுத்துவிடுகிறான். குடிகார வேலையாள் ஒருவன் லாடம் கழன்ற காலோடு விரட்டியதில் பியூட்டி விழுந்து முழங்கால்கள் கிழிகின்றன. நண்பரின் குதிரைகள் இப்படி ஆகிவிட்டனவே என்று பிரபு உண்மையாகவே வருந்துகிறார். ஜிஞ்சருக்கு ஓராண்டு ஓய்வு கொடுத்துப் பார்ப்போம் என்கிறார். ஆனால் முழங்காலில் தழும்போடு ஒரு குதிரை என் லாயத்தில் நிற்க முடியாது, கறுப்பை விற்றுவிடு என்கிறார். கவனியுங்கள், குதிரை ஓடும், இழுக்கும், ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. பார்வைக்குத்தான் ஆகவில்லை. வருத்தப்பட்டுக்கொண்டே விற்கிறார். ஓய்வு கிடைத்த ஜிஞ்சரும் பின்னால் லண்டன் வாடகை வண்டியில் எலும்பும் தோலுமாகப் பியூட்டியைச் சந்திக்கிறாள். அந்த அத்தியாயத்தைப் படித்தவர்கள் மறந்திருக்க முடியாது.

எதிர்ப்பக்கத்தில் ஜெர்ரி. அவரிடம் கேப்டன் என்று ஒரு பழைய போர்க்குதிரை, கிரிமியப் போருக்குப் போய்வந்தது. தெருவில் பெரிய பாரவண்டி மோதிப் பலத்த காயம். ஏதோ ஒட்டுப்போட்டு பாரவண்டிக்கு விற்றால் சில பவுண்டு தேறும். ஏழை ஜெர்ரி விற்க மறுக்கிறார், குறி தப்பாத ஒரு குண்டுதான் அந்தக் கிழவனுக்குச் செய்யக்கூடிய நல்ல காரியம் என்று முடிவெடுக்கிறார். மெர்ரிலெக்ஸுக்குச் சொன்ன அதே முடிவு. ஆக, வயதான குதிரை விஷயத்தில் சரியான ஏற்பாடு என்று சீவெல் காட்டும் இரண்டு இடத்திலும் கடைசியில் இருப்பது துப்பாக்கி. இதையும் ‘கருணை நாவல்’ வாசிப்பு சொல்வதில்லை.

ஆனால் அந்த ஜெர்ரியே நோய்வாய்ப்பட்டு லண்டனை விட்டுப் போகும்போது பியூட்டியை நல்ல இடமாகப் பார்த்து விற்கிறார். அந்த நல்ல இடத்துக்கு அடுத்த இடம்தான் ஸ்கின்னர்.

இங்கே நாவலோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. இத்தனை தெளிவாக ஒரு இயந்திரத்தைப் பிரித்துக் காட்டிய சீவெல், முடிவில் அதிர்ஷ்டத்தைக் கொண்டுவந்து கதையை மூடுகிறார். தரோகுட்டின் பேரன் சிறுவன் வில்லி சந்தையில் பியூட்டியைப் பார்த்து இரக்கப்பட்டு தாத்தாவை வாங்கவைக்கிறான். குதிரை தேறி, பெண்மணிகளின் வீட்டுக்குப் போகிறது. அங்கே குதிரைக்காரன் யார் என்று பார்த்தால் பழைய லாயத்துச் சிறுவன் ஜோ கிரீன்! ‘உன்னை விற்கவே மாட்டோம்’ என்று வாக்குக் கொடுக்கிறார்கள். எம்.ஜி.ஆர். படத்தில் கடைசி ரீலில் பிரிந்த குடும்பம் சேர்கிற மாதிரி. அதே சந்தையில் அன்று நின்ற மற்ற கிழக்குதிரைகளுக்கு வில்லி யாரும் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வீட்டுப் பெண்மணியின் குடும்பப் பெயர் புளோம்ஃபீல்ட். மெர்ரிலெக்ஸை நிபந்தனையோடு வாங்கிக்கொண்ட அதே பெயர். சீவெல் இதை விளக்கவில்லை, சுட்டிக்காட்டவும் இல்லை. ஒரே குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். அப்படியானால் பத்துக் கைமாறி, பாதி உயிர் போய், அந்தக் குதிரை வந்து சேர்வது முதல் விற்பனையின்போதே எழுதியிருக்க வேண்டிய ஒரு நிபந்தனையிடம்.

கொஞ்சம் நடைமுறைக்கு வருவோம். ஏன் இது இவ்வளவு பெரிய பிரச்சினை? ஏனென்றால் குதிரை ரொம்ப காலம் வாழும். நன்றாகக் கவனித்தால் 25, 30 வருடம் சாதாரணம். பந்தயக் குதிரையின் ஓட்டம் பெரும்பாலும் பத்து வயதுக்குள் முடிந்துவிடும். மீதி வருடங்களை யார் கணக்கில் எழுதுவது? வயதான குதிரை மலிவானதும் இல்லை. குதிரையின் கடைவாய்ப் பற்கள் வாழ்நாள் முழுக்க ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் இருப்பு தீர்ந்துவிடும். அதன் பிறகு காய்ந்த புல்லை மென்று விழுங்க முடியாது, வாயில் உருட்டி உருட்டித் துப்பிவிடும். தீனியை ஊறவைத்துக் கூழாகக் கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்குப் பல தடவை. ஏறிச் சவாரி செய்யாவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வர வேண்டும். மூட்டு வாதம், குளம்புக்குள் வரும் வீக்கம் என்று வைத்தியச் செலவு தனி. குதிரையின் வருமானம் பூஜ்யம் ஆகும் நாளில்தான் செலவு ஏற ஆரம்பிக்கிறது. எங்கள் துறையில் பழைய மென்பொருளை ‘ஆயுள் முடிந்தது’ என்று அறிவித்து, இந்தத் தேதிக்குப் பிறகு ஆதரவு கிடையாது என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவார்கள். குதிரைக்கு அப்படி அனுப்ப முடியாது, அறிவித்த மறுநாளும் அதற்குப் பசிக்கும்.

(இடைச்செருகல்: இங்கிலாந்தில் ‘ஓல்டு பில்லி’ என்று ஒரு படகிழுக்கும் குதிரை. 1760-இல் பிறந்து 1822-இல் இறந்ததாகச் சொல்கிறார்கள், அதாவது 62 வயது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். மண்டையோடு மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னைக் கவர்ந்தது வயது இல்லை, அதற்கு 1819 வாக்கில்தான் ஓய்வு கொடுத்தார்கள் என்ற தகவல்தான்.)

சீவெல் தொடாத இடத்தைத் தொட்டவர் டால்ஸ்டாய். ‘ஹோல்ஸ்தமேர்’ என்ற நீண்ட கதை. 1860-களில் எழுதி, போட்டுவைத்து, 1880-களில் மறுபடி எடுத்துத் திருத்தி 1886-இல் வெளியிட்டார். திட்டுத்திட்டாக இரண்டு நிறம் கொண்ட, காயடிக்கப்பட்ட ஒரு கிழக்குதிரை, தன்னைக் கடித்தும் உதைத்தும் கேலி செய்யும் இளம் குதிரைகளுக்கு இரவு இரவாகத் தன் கதையைச் சொல்கிறது. உயர்ந்த வம்சம், அசுர வேகம், ஆனால் நிறம் சரியில்லை என்பதால் ஒதுக்கப்பட்ட குதிரை.

இந்தக் கதையைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எடுத்துக்காட்டும் பகுதி ஒன்று உண்டு. ‘என்னுடையது’ என்று மனிதர்கள் சொல்வதன் பொருள் அந்தக் குதிரைக்கு விளங்குவதே இல்லை. என்னை ‘என் குதிரை’ என்று சொன்னவன் என் மேல் ஏறியதும் இல்லை, எனக்குத் தீனி போட்டதும் இல்லை, அதையெல்லாம் வேறு யாரோ செய்தார்கள், பிறகு எப்படி நான் அவனுடையவன் என்று கேட்கிறது. 1917-இல் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி தன் புகழ்பெற்ற கட்டுரையில் இந்தப் பகுதியை எடுத்து, பழகிய விஷயத்தை முதல் முறை பார்ப்பதுபோல் காட்டுவதுதான் கலை என்று வாதிட்டார். அதிலிருந்து இலக்கியக் கோட்பாடு படிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஹோல்ஸ்தமேர் ஒரு உதாரணமாகிவிட்டது. குதிரை போய் உத்தி மட்டும் மிஞ்சியது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு கூட்டம் இதைத் தனியுடைமைக்கு எதிரான கதை என்று படிக்கிறது. அது சரிதான், ஆனால் பாதிதான்.

குதிரை சொல்கிற தர்க்கத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உறவே இல்லாத ஒன்றை ‘என்னுடையது’ என்று சொல்ல முடிகிறது என்றால், வருடக்கணக்கில் உறவு இருந்த ஒன்றை ஒரே நாளில் ‘என்னுடையது இல்லை’ என்றும் சொல்ல முடியும். டால்ஸ்டாய் இதைக் கதையாகவே செய்து காட்டுகிறார். குதிரை மிகவும் நேசித்த எஜமான் செர்புகோவ்ஸ்கோய் என்ற அழகான ராணுவ அதிகாரி. அவனுடைய காதலி இன்னொருவனோடு ஓடிப்போக, அவளைத் துரத்திக் குதிரையை நிறுத்தாமல் விரட்டுகிறான். அன்றோடு குதிரை கெட்டது. நோய், பிறகு விற்பனை. அதன் பிறகு ஒரு கிழவி, ஒரு ஜவுளி வியாபாரி, ஒரு விவசாயி, ஒரு நாடோடி என்று கைமாறி, கடைசியில் ஒரு பண்ணையில் வந்து நிற்கிறது. பத்து உரிமையாளர் கணக்கு ஞாபகம் வருதா? சீவெலும் டால்ஸ்டாயும் ஏறக்குறைய ஒரே படிக்கட்டைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

பிறகு நடப்பதுதான் கதையின் உச்சம் என்பேன், அந்த ‘என்னுடையது’ பகுதியை விட. சொத்தெல்லாம் கரைந்து, கடனாளியாக, உடம்பு ஊதி, கிழடு தட்டிய செர்புகோவ்ஸ்கோய் அதே பண்ணைக்கு விருந்தாளியாக வருகிறான். குதிரை அவனை அடையாளம் கண்டுகொள்கிறது. அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் தன்னிடம் ஒரு காலத்தில் இருந்த திட்டுநிறக் குதிரையைப் பற்றி, அதன் வேகத்தைப் பற்றி, வீட்டுக்காரனிடம் பெருமையாகப் பேசுகிறான்! நினைவு இருக்கிறது, பாசம்கூட இருக்கிறது. அந்த நினைவு வெளியே நிற்கிற மிருகத்தோடு எந்தக் கயிற்றாலும் கட்டப்படவில்லை. பழைய உரிமையாளர்களில் பெரும்பாலானவர்களின் நிலை இதுதான் என்று நினைக்கிறேன். சுவரில் புகைப்படம் இருக்கும்.

அப்புறம் குதிரைக்குச் சொறி வருகிறது, மந்தைக்குப் பரவிவிடும் என்று அறுக்கிறார்கள். ஏதோ வைத்தியம் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே குதிரை சாகிறது. பெண் ஓநாய் ஒன்று அந்த இறைச்சியைத் தின்று குட்டிகளுக்குக் கக்கிக் கொடுக்கிறது, எலும்பை ஒரு விவசாயி எடுத்துப் பயன்படுத்துகிறான். பல காலம் கழித்துச் செத்த செர்புகோவ்ஸ்கோயின் உடலோ யாருக்கும் எதற்கும் உதவவில்லை, சீருடை போட்டு ஈயப் பெட்டியில் புதைக்கிறார்கள். பலரும் புகழும் இந்த முடிவு எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கடைசிப் பக்கத்தில் டால்ஸ்டாய் திரும்பவும் பயனைக் கொண்டுதான் அளக்கிறார்: குதிரை செத்தும் பயன்பட்டது, மனிதன் பயன்படவில்லை. பயன்படாத உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்க ஆரம்பித்த கதை, குதிரை கடைசி வரை பயன்பட்டது என்று சொல்லி அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறது.

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர் இவர்கள் இருவருக்கும் வெகுகாலம் முன்னால் இருந்தவர், புளூட்டார்க். ரோமானியத் தலைவர் கேட்டோவின் வாழ்க்கையை எழுதும்போது. கேட்டோ சிக்கனத்துக்குப் பேர்போனவர். பொ.மு. 195-இல் கான்சலாக ஸ்பெயின் போருக்குப் போனவர், தான் ஏறிச் சண்டையிட்ட குதிரையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். கப்பலில் ஏற்றிவரும் செலவு அரசாங்கத்துக்கு வேண்டாமாம். அவர் எழுதிய விவசாய நூலிலும் கிழ மாடு, பழைய வண்டி, பழைய இரும்புச் சாமான், வயதான அடிமை, நோயாளி அடிமை எல்லாவற்றையும் விற்றுவிடு என்ற ஆலோசனை இருக்கிறது, ஒரே பட்டியலில். மனிதன், மாடு, இரும்பு.

பெரியவர்களின் வாழ்க்கையைப் பொதுவாக மரியாதையோடு எழுதும் புளூட்டார்க் இங்கே கதையை நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வருகிறார். நீதி மனிதர்களுக்கிடையில்தான் செல்லும், ஆனால் நல்ல மனம் அதைவிட அகலமானது, மிருகம் வரைக்கும் பாயும் என்கிறார். உழைத்து ஓய்ந்த குதிரையையும், குட்டியாக இருந்தபோது மட்டுமில்லாமல் கிழடான பிறகும் நாயையும் வைத்துக் காப்பாற்றுவது நல்லவனின் கடமை. ஏதென்ஸில் பார்த்தினன் கோயில் கட்டும்போது நன்றாக உழைத்த கோவேறு கழுதைகளை அவிழ்த்துவிட்டார்களாம். அதில் ஒன்று தானாகவே திரும்பி வந்து, மேலே ஏறும் பார வண்டிகளோடு முன்னால் நடந்து மற்றவற்றுக்கு வழிகாட்டியது. சாகும்வரை அதற்குப் பொதுச் செலவில் தீனி என்று ஏதென்ஸ் மக்கள் தீர்மானம் போட்டார்கள். குதிரையை ஸ்பெயினில் விட்டுவந்தது மனப்பெருந்தன்மையா, அற்பத்தனமா, வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். அவர் பதில் என்ன என்பது யாருக்கும் சந்தேகம் வராதபடி எழுதிவிட்டுத்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, புளூட்டார்க் குற்றத்தை எங்கே வைக்கிறார் என்பது. ஸ்பெயினில் அந்தக் குதிரையை யார் வாங்கினான், என்ன செய்தான் என்று அவர் கேட்கவே இல்லை. அந்தக் குதிரைக்கு அங்கே நல்ல வாழ்க்கையே கிடைத்திருக்கலாம். ஆனாலும் விட்டுவிட்டு வந்தது கேட்டோதான். பொறுப்பு முதல் கையில் இருக்கிறது. சீவெல் ஒரே வாக்கியத்தில் கடந்ததை, டால்ஸ்டாய் காட்சியாக்கிவிட்டு நகர்ந்ததை, இவர் நின்று வாதமாகவே சொல்லிவிட்டார்.

கேட்டோவின் கதை இருபதாம் நூற்றாண்டில் அப்படியே திரும்ப நடந்தது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் எகிப்தில் தன் குதிரைகளை விற்றுவிட்டுப் போனது. ஊருக்குக் கொண்டுபோகச் செலவு. 1930-இல் கெய்ரோவுக்கு வந்த டோரதி புரூக் என்ற ராணுவ அதிகாரியின் மனைவி, அவற்றில் உயிரோடு மிஞ்சியவை நகரத் தெருக்களில் பாரவண்டி இழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். இருபது வயது தாண்டிய குதிரைகள். 1931-இல் ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகைக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்து மக்கள் பணம் அனுப்பினார்கள். சில வருடங்களில் சுமார் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார், 1934-இல் கெய்ரோவில் ஒரு மருத்துவமனையும் தொடங்கினார்.

வாங்கியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அவரால் கொடுக்க முடிந்தது நிழல், தண்ணீர், நல்ல தீனியோடு சில நாள். பிறகு வலியில்லாத மரணம். ஜெர்ரி கேப்டனுக்குச் செய்த அதே காரியம், ஆயிரக்கணக்கில். அதற்காக அவரைக் குறை சொல்கிறவர்கள் இருந்தால், பன்னிரண்டு பதின்மூன்று வருடம் முன்னால் ரசீதில் கையெழுத்துப் போட்டவர்களிடம் போய்க் கேட்கட்டும். அந்தக் குதிரைகளை வண்டியில் பூட்டிய கெய்ரோ வண்டிக்காரர்களும் வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டிய ஏழைகள்தான். புரூக் அவர்களிடமிருந்து பிடுங்கவில்லை, விலை கொடுத்து வாங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடைசிக் கையை மட்டும் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். 2007-இல் டெக்சஸ், இல்லினாய் மாநிலங்களில் இருந்த கடைசிக் குதிரை இறைச்சிக்கூடங்கள் மூடப்பட்டன. நல்ல செய்திதானே? 2011-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஒரு அறிக்கை கொடுத்தது. 2010-இல் இறைச்சிக்காக மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் ஏற்றிச் செல்லப்பட்ட குதிரைகள் சுமார் 1,38,000. மூடுவதற்கு முன்னால் உள்நாட்டில் அறுக்கப்பட்ட எண்ணிக்கைக்கு ஏறக்குறைய சமம். படிக்கட்டின் கடைசிப் படியை எடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள், பயணம் மட்டும் நீண்டுவிட்டது.

மாறாக, முதல் கையைத் தொட்ட ஒரு மாற்றமும் அதே நாட்டில்தான் நடந்தது. அதற்கு ஒரு சாவு தேவைப்பட்டது. ஃபெர்டினண்ட் என்ற குதிரை 1986-இல் கென்டகி டெர்பி வென்றது, 1987-இல் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை. 1994-இல் இனவிருத்திக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே அதற்குக் கிராக்கி குறைந்ததும் வியாபாரி கைக்குப் போய், 2002-இல் அறுக்கப்பட்டது. ஒரு பத்திரிகை விசாரித்துப் போனபோதுதான், அதுவும் 2003-இல், செய்தி வெளியே தெரிந்தது. டெர்பி வென்ற குதிரைக்கே இந்தக் கதி. அதன் பிறகு பலர் விற்பனை ஒப்பந்தத்திலேயே ‘உனக்குத் தேவை முடிந்தால் முதலில் எங்களிடம் சொல், நாங்கள் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்று ஷரத்து சேர்க்க ஆரம்பித்தார்கள். கார்டன் மெர்ரிலெக்ஸுக்கு வாய்மொழியாகச் சொன்னதன் வக்கீல் வடிவம். பணம் வாங்கிக்கொண்டும் நிபந்தனை போட முடியும் என்று ஆகிவிட்டது பாருங்கள்.

அதே 2003-இல், பந்தயத்திலும் இனவிருத்தியிலும் ஓய்வுபெற்ற குதிரைகளுக்காக கென்டகியில் ‘ஓல்டு ஃபிரெண்ட்ஸ்’ என்ற பண்ணை தொடங்கியது. தொடங்கியவர் மைக்கேல் புளோவன், அதற்கு முன் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழில் சினிமா விமர்சகராக இருந்தவர். (விமர்சனம் எழுதுகிறவர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று என் வீட்டில் இனிமேல் சொல்ல முடியாது.) 1997-இல் டெர்பி வென்ற சில்வர் சார்ம் 2014-இல் தன் இருபதாவது வயதில் ஜப்பானிலிருந்து கப்பல் கூலி பார்க்காமல், விமானத்தில், அந்தப் பண்ணைக்குத் திரும்பி வந்தது.

ஷரத்தாலும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆர்வெலின் ‘விலங்குப் பண்ணை’யில் குதிரைகளுக்கு 12 வயதில் ஓய்வு, பிறகு பென்ஷன் என்று சட்டமே இருக்கிறது. எழுதிய சட்டத்தை நிறைவேற்றச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை. பாக்ஸர் பன்னிரண்டு வயதை நெருங்கும்போது வருவது அறுப்பவரின் வண்டி. அந்த வண்டியின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த கழுதை பெஞ்சமின், அதுவரை வாயே திறக்காமல் இருந்த ஆள். டெர்பி வென்ற குதிரையின் ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கப் பத்திரிகைக்காரர்கள் இருக்கிறார்கள். வாரக் கடைசியில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டிய, பெயர் தெரியாத மட்டக்குதிரையின் ஒப்பந்தத்தை யார் படிப்பார்கள்? அதை விற்கும்போது ஒப்பந்தம் என்று ஒன்று எழுதுவதே அபூர்வம்.

ஹோல்ஸ்தமேர் ஒரே மாலையில் படித்துவிடக் கூடியது, ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ‘பிளாக் பியூட்டி’யைக் குழந்தைகளுக்கு வாங்குகிறவர்கள் சுருக்கப் பதிப்பைத் தவிர்க்கவும். மெர்ரிலெக்ஸின் நிபந்தனை மாதிரி ஒரே வாக்கியத்தில் வருகிற விஷயத்தைத்தான் சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவார்கள்.